கோடிக்கும் பல்லிக்கும் நடுவில் ஒரு தட்டு

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வருகிற செய்தி வெளியீடுகளை விடாமல் படிக்கிற ஆள் நான். அணை திறப்பு, உர இருப்பு, விவசாயிகள் குறைதீர் கூட்டம் எல்லாம் அதில்தான் முதலில் வரும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருத்தர் போட்டுவிடுவார்கள். அதோடு சேர்ந்து பள்ளிக்கூடச் சாப்பாடு பற்றிய வெளியீடுகளும் வரும். நாலைந்து வருஷமாகப் படித்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. ஊர்ப் பெயரையும் தேதியையும் மாற்றிவிட்டால் எல்லாமே ஒரே வெளியீடுதான்.

முதல் பத்தியில் யார் வந்தார்கள் என்று இருக்கும். இரண்டாவது பத்தியில் யாரெல்லாம் கூட வந்தார்கள். மூன்றாவதில் திட்டத்தின் பெயர், தொடங்கிய நாள், ஒதுக்கிய கோடி, பயனடையும் லட்சம். நாலாவதில் "உணவின் தரத்தை உண்டு பார்த்து ஆய்வு செய்தார்". கடைசியில் "இந்நிகழ்வின்போது" என்று ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து அதிகாரிகள் பெயர், பதவியோடு. அவ்வளவுதான். அன்னிக்குப் பிள்ளைங்க தட்டில் என்ன இருந்தது? எல்லாம் படித்து முடித்தாலும் தெரியாது. பொங்கலா, கிச்சடியா, சாம்பாரில் காய் கிடந்ததா என்று ஒரு சொல் இருக்காது.

நகரத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். செய்தி வெளியீடு என்றால் அப்படித்தானே இருக்கும், அதை யார் படிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். படிக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. எங்கள் ஒன்றியத்துக்கு வருகிற நிருபர்கள் எல்லாம் பகுதிநேரம். ஒருத்தர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், இன்னொருத்தர் இன்சூரன்ஸ் பார்க்கிறார். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பானையை எட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. வருகிற வெளியீட்டை அப்படியே அனுப்புகிறார்கள், அப்படியே உள்ளூர்ப் பக்கத்தில் அச்சாகிறது. ஆக, பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி இந்த நாட்டில் நல்ல விதமாக எழுதப்படுகிற ஒரே எழுத்து அந்த வெளியீடு. அதில் சாப்பாடு இல்லை.

கெட்ட விதமாக எழுதப்படுவது எது என்று உங்களுக்கே தெரியும். சத்துணவில் பல்லி. பிள்ளைங்க மயக்கம், அரசு மருத்துவமனையில் அனுமதி, அனைவரும் நலம். அதுக்கப்புறம் என்ன ஆனது, பல்லி எப்படி விழுந்தது, மூடி இல்லாத பாத்திரமா, ஓடு உடைந்த கூரையா, யார் சரி செய்தார்கள், மறுநாள் அங்கே சமையல் நடந்ததா? எதுவும் வராது. கோடி பற்றி ஒரு செய்தி, பல்லி பற்றி ஒரு செய்தி. இரண்டுக்கும் நடுவில் வருஷத்தில் இருநூறு நாளுக்கு மேல், பல லட்சம் தட்டில் ஒழுங்காகச் சோறு விழுகிறதே, அது செய்தியாகாமலே போய்விடுகிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற என் சொந்தக்காரர்களிடம் சத்துணவு என்று சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பண்ண? அவர்களுக்குச் சொல்லப்பட்டது அந்தப் பல்லி மட்டும்தான்.

இத்தனைக்கும் சொல்வதற்கு நம்மிடம் இருக்கிற கதை சாதாரணக் கதை இல்லை. 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956இல் காமராஜர் ஆட்சியில் ஊர்ப்பக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கி வைத்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, அது வாரம் ஒன்றாகி, மூன்றாகி, ஐந்தாச்சு. ஜெயலலிதா 2013இல் கலவை சாதமும் முட்டை மசாலாவும் கொண்டுவந்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவு 1,545 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த வருஷம் ஆகஸ்டில் 31,008 பள்ளிகளுக்குப் போனது. எந்தக் கட்சி வந்தாலும் முந்தினவர் வைத்த தட்டை எடுக்காமல், அதில் ஒரு கரண்டி கூடப் போட்டிருக்கிறார்கள். அரசியலில் நமக்குள் ஆயிரம் சண்டை இருந்தாலும் இதில் யாரும் கை வைக்கத் துணியவில்லை. இப்படி ஒன்றை இவ்வளவு சப்பென்று எழுத எப்படித்தான் முடிகிறதோ.

சப்பென்று இருப்பது கூடப் பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதுதான் வலிக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் பக்கம் வெங்காயம் பிடுங்கவும் பூப்பறிக்கவும் பொம்பளைங்க விடியற்காலையில் கிளம்பிவிடுவார்கள். அஞ்சு மணிக்குப் போகிற அம்மா பிள்ளைக்கு என்ன சமைத்து வைக்க முடியும்? ராத்திரி மிச்சம் இருந்தால் பழைய சோறு, இல்லாவிட்டால் டீயும் வர்க்கியும். காலை உணவு என்பது இப்படிப்பட்ட வீட்டுக்காகவே வந்த மாதிரி இருக்கிறது. போன வருஷம் வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் தோட்டத்து வேலைக்கு வந்து தங்கியது. பையனை மூணாம் வகுப்பில் சேர்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் அவன் மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் பள்ளிக்குப் போயிருக்கிறான், வெறும் வயிற்றோடு. அந்த அம்மாவைக் கேட்டால், "இந்த ஊரு ரேசன் கார்டு இருக்கவங்களுக்குத்தான் காலையில போடுவாங்கன்னு நெனச்சேண்ணே" என்றாள். அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பள்ளியில் பெயர் இருந்தால் போதும். இந்த ஒரு வரியை எந்த வெளியீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. இத்தனை லட்சம் பேர் பயனடைகிறார்கள் என்பது அந்த அம்மாவுக்கு எதற்கு? அவளுக்கு வேண்டியது, "உன் மகனுக்கும் உண்டு, எட்டரைக்கு முன்னாடி அனுப்பு" என்பதுதான்.

சட்டம் கொடுத்திருப்பதைக் கூட நமக்குச் சொல்வதில்லை. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் குறைந்தது 200 நாள் சமைத்த சாப்பாடு போட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து அது உரிமையாகவே ஆனது. 2015இல் வந்த விதிகளில் இன்னொன்று இருக்கிறது: அரிசி வரவில்லை, கேஸ் இல்லை, சமைக்கிறவர் வரவில்லை என்று பள்ளி நாளில் மதியச் சாப்பாடு போடாமல் போனால், அதற்கு ஈடாகத் தானியமும் பணமும் அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் பத்து வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. பள்ளிச் சுவரில் அரிசி எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எத்தனை பிள்ளை சாப்பிட்டது, இன்றைக்கு என்ன சாப்பாடு என்று எழுதிப் போட வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. சுவரில் எழுதலாம் என்றால் செய்தியில் ஏன் எழுதக்கூடாது?

என் தொழிலிலிருந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மத்திய அரசின் அளவுப்படி ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டில் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். 60 பிள்ளைங்க இருக்கிற பள்ளி என்றால் ஒரு நாளைக்குக் காய் மூணு கிலோ, வாரத்துக்குப் பதினைந்து கிலோ. இது ஒரு அளவா? என் தோட்டத்தில் கத்தரி ஒரு பறிப்புக்கு அதைவிடப் பல மடங்கு வரும். ஆனால் என் கத்தரிக்காய் என்ன செய்கிறது? மூட்டை கட்டி ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போகிறது. அங்கே ஏலம், கமிஷன். பெரும்பங்கு கேரளாவுக்கு லாரி ஏறும். ஒரு பங்கு டவுன் கடைக்கு வரும். அந்தக் கடையிலிருந்து வாடிய நிலையில் டி.வி.எஸ். ஃபிப்டியில் ஏறி, என் தோட்டத்தைத் தாண்டி, எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வரும். இந்தக் கூத்து எனக்கே ரொம்ப நாள் தெரியாது. ஏனென்றால் பள்ளிக்கு எந்தக் காய், எத்தனை கிலோ, எந்தக் கிழமை வேண்டும் என்று யாரும் ஊருக்குச் சொன்னதில்லை. "சத்தான காய்கறிகளுடன் கூடிய உணவு" என்று வெளியீட்டில் படித்திருக்கிறேன். சத்தான காய்கறி என்று ஒரு காய் எங்கள் பக்கம் விளைவதில்லை. முருங்கை என்று எழுதியிருந்தால் மறுநாளே நாலு பேர் போய் நின்றிருப்போம். இலவசமாகக் கொடுக்கச் சொல்லவில்லை, மார்க்கெட் விலைக்கே கொடுக்கலாம். கமிஷனும் வண்டி வாடகையும் மிச்சம்.

சமைக்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை உணவை மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். பெரும்பாலும் அதே பள்ளியில் தங்கள் பிள்ளை படிக்கிற அம்மாக்கள். யோசித்துப் பாருங்கள், தன் பிள்ளை தின்னப் போவதைத் தானே சமைக்கிறாள். தரத்துக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் எந்த ஆய்வகத்தில் கிடைக்கும்? பெற்றோருக்கு நம்பிக்கை வர இந்த ஒரு விஷயம் போதும். ஆனால் வெளியீட்டோடு வருகிற படத்தில் பத்துப் பேர் வரிசையாக நிற்பார்கள், சமைத்தவள் இருக்க மாட்டாள். எங்கள் ஊரில் சமைக்கிற தங்கச்சி ஒருமுறை பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது: "ஏண்ணே, எல்லாரு பேரும் இருக்கு. உப்புமா கிண்டுனது யாருன்னு போடலையே. தானா கிண்டிக்கிச்சோ?"

அந்தப் படங்களைப் பற்றி எனக்கு எரிச்சல் உண்டு என்றாலும், ஒரு படத்தை நான் மதிக்கிறேன். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், சமைப்பவர் பட்டியல் சமூகத்துப் பெண் என்பதால் சில வீடுகளில் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அந்த அம்மா சமைத்ததைச் சாப்பிட்டார்கள். அங்கே பெரியவர்கள் சாப்பிடுகிற படத்துக்கு வேலை இருந்தது. அது யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குச் சொன்னது. மற்ற நாளில் ஸ்பூனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிற படம் யாருக்கு எதைச் சொல்கிறது?

கெட்ட சேதியை எப்படி எழுதுவது என்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்கிற ஊரில் பள்ளிச் சாப்பாடு சாப்பிட்டு 23 பிள்ளைகள் செத்துப் போனார்கள். சாப்பாட்டில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். விவசாயம் செய்கிறவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே மூக்கில் வாடை அடிக்கும். பருத்திக்கு அடித்துவந்த மருந்து. மருந்து டப்பாவைக் கழுவிவிட்டு வேறு எதற்காவது வைத்துக்கொள்கிற கெட்ட பழக்கம் எந்தக் கிராமத்தில் இல்லை? அந்த நேரத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும், "மருந்து டப்பா எதுவும் சமையல்கூடத்துப் பக்கம் வரக்கூடாது, எண்ணெயில் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், அதற்காக யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்" என்று நாலு வரி வந்திருந்தால் அதுவல்லவா செய்தி. எங்கள் கண்ணில் பட்டதெல்லாம் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்பதுதான். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. பெற்றோரும் முறைவைத்துப் போய்ப் பார்க்கலாம். எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

இப்படியெல்லாம் எழுத பி.ஆர்.ஓ. அலுவலகத்துக்கு நேரம் இல்லை என்பார்கள். மேலே இருப்பவர் பெயரும் பதவியும் ஒரு எழுத்துப் பிசகினால்தான் ஆபத்து, சாம்பாரை விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வேலையில் இருக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நல்ல அறிவிப்பு எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸை வாங்கிப் பார்த்தால் போதும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த மண்டகப்படி, யார் செலவு, அன்னதானம் எந்த இடத்தில், யாரைப் பார்க்க வேண்டும் எல்லாம் இருக்கும். பெரிய மனுஷன் பேரும் இருக்கும், அவருக்குரிய இடத்தில். ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற கிழவி வரைக்கும் அந்த நோட்டீஸை வரி விடாமல் படிக்கும். தன் வீட்டுப் பேர் விட்டுப்போச்சா என்று பார்க்கத்தான் படிக்கும், ஆனாலும் படிக்கும். திருவிழா முடிந்த பிறகு வரவு செலவு ஒட்டுவார்கள், அதையும் நின்று படிப்பார்கள். 1950களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நெ. து. சுந்தரவடிவேலு நடத்தினாரே, அதுவும் கிட்டத்தட்ட இந்த முறைதான். ஊர் மக்கள் எழுந்து நின்று பள்ளிக்கு இன்னது தருகிறேன் என்றார்கள். கொடுத்தவன் தன் பொருள் எங்கே போனது என்று பார்க்காமல் இருப்பானா?

நகரத்து வாசகர்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களில் பல பேர் கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பிரிவிலும் தொண்டு நிறுவனங்களிலும் பத்திரிகைகளிலும் வேலை பார்க்கிறீர்கள். கிராமத்துப் பள்ளிக்கு ஆர்.ஓ. மெஷின், தட்டு, டம்ளர், சமையல்கூடம் என்று கொடுத்துவிட்டு வெளியீடு எழுதுகிறவர்கள் நீங்கள். அரசாங்கத்து மொழியை அப்படியே இங்கிலீஷில் எழுதித் தமிழில் மாற்றி அனுப்புகிறீர்கள். அரசாங்கத்தை மாற்றுவது இருக்கட்டும், உங்களுடையதை நீங்கள் மாற்றலாமே. நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். எண்கள் உதாரணத்துக்கு:

"நம் ஊர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளியில் பெயர் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் காலையும் மதியமும் சாப்பாடு உண்டு. ரேஷன் கார்டு, சாதிச் சான்று எதுவும் வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்கு எட்டரைக்குள் பிள்ளையை அனுப்புங்கள். இந்த வாரம் திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல், சாம்பாரோடு. மதியம் தினமும் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். சமைப்பவர்கள் நம் ஊர் மகளிர் குழுவும் சத்துணவுப் பணியாளர்களும், இன்னார் இன்னார். மதியத்துக்கு ஒரு நாளைக்குக் காய் 3 கிலோ தேவை. இந்த மாதம் முருங்கை, கத்தரி, பூசணி வாங்குகிறோம். விலைக்குக் கொடுக்க விரும்பும் விவசாயிகள் தலைமையாசிரியரைப் பார்க்கவும். பெற்றோர் எந்த நாளும் வந்து சாப்பிட்டுப் பார்க்கலாம். சாப்பாடு போடாத நாள் இருந்தால், குறை இருந்தால், தலைமையாசிரியரிடமோ ஒன்றிய அலுவலகத்துச் சத்துணவுப் பிரிவிலோ சொல்லுங்கள். சமையல்கூடத்துக்குக் குக்கர் கொடுத்த கம்பெனிக்கு நன்றி."

கம்பெனி பெயர் கடைசி வரியில் வருகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். இந்த நோட்டீஸைக் கடைசி வரி வரைக்கும் படிப்பார்கள்.

அப்புறம் படம். பிள்ளைங்க முகத்தை விட்டுவிடுங்கள். கை ஏந்தி நிற்கிற மாதிரி, வாயில் சோறோடு, மூக்கு ஒழுக ஒரு பிள்ளையைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். அந்தப் பிள்ளை பத்து வருஷம் கழித்துக் காலேஜ் போகும். அதன் பெயரில் அந்தப் படம் எங்கோ கிடக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை டைனிங் டேபிளில் சாப்பிடுவதை அப்படி எடுத்துப் பேப்பருக்குக் கொடுப்பீர்களா? தட்டைப் படம் எடுங்கள். மேலே நின்று, வெளிச்சம் விழுகிற இடத்தில், தட்டு மட்டும். சாம்பாரில் முருங்கைக்காய் எத்தனை துண்டு கிடக்கிறது என்று அம்மாக்காரி எண்ணிக்கொள்வாள்.